வயிற்றுக் கொழுப்புக்கும் வாசல் உண்டு

அத்தியாயம் 6

வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய 5 லீற்றர். காலையில் வெறுவயிற்றில் அளந்தால், அவ்வளவு இரத்தத்திலும் கரைந்து கிடக்கும் குளுக்கோஸ் 5 கிராம் அளவுதான். ஒரு தேக்கரண்டி. திருகோணமலை ஓர்ஸ் ஹில் வீடொன்றில் மாலை நாலரைக்கு வரும் தேத்தண்ணியில் சாதாரணமாக இரண்டு மூன்று கரண்டி சீனி இருக்கும். பக்கத்தில் ஒரு பணிஸ். "இன்னும் ஒண்டு எடுங்கோவன்" என்ற உபசாரத்துக்குப் பிறகு இரண்டு பணிஸ்.

இத்தனையும் குடலில் உடைந்து இரத்தத்தில் சேர்ந்தாலும், நோயில்லாதவரின் சீனி அளவு கொஞ்சம் ஏறி, இரண்டு மணித்தியாலத்துக்குள் பழைய இடத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்தச் சீனி பெரும்பாலும் மூன்று இடங்களுக்குப் போகிறது: தசை, ஈரல், கொழுப்பு. தசையையும் ஈரலையும் பற்றி முந்திய அத்தியாயங்கள் சொல்லிவிட்டன. இந்த அத்தியாயம் மூன்றாவதைப் பற்றியது. சேட்டின் கீழ்ப் பொத்தான்களுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கொழுப்பு சீனியை எப்படி உள்ளே எடுக்கிறது, நடை அதை எப்படி மாற்றுகிறது, அதை அறிந்தவர் தன் கிழமையை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதே விடயம்.

மேட்டில் ஒரு குடியிருப்பு

திருகோணமலையின் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் சிறிய மேடு ஓர்ஸ் ஹில். விவேகானந்தா கல்லூரி, அரச அலுவலகங்கள், மதில் வைத்த வீடுகள், கீழே துறைமுகத்தை நோக்கி இறங்கும் வீதிகள். வெளியே போய் வரும் எவரும் ஒரு ஏற்றத்தையும் ஒரு இறக்கத்தையும் சந்திக்க வேண்டிய இடம். ஆனால் அந்த ஏற்றத்தை இப்போது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும்தான் ஏறுகின்றன.

இலங்கையில் வளர்ந்தவர்களிடையே சீனி வருத்தம் எவ்வளவு என்று 2005-06இல் நாடளாவிய ஆய்வொன்று நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்றும், நகரங்களில் அது கிராமங்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்றும் அது சொன்னது. நோய் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இருப்பதே அதுவரை தெரிந்திருக்கவில்லை. அந்தக் கணக்கில் திருகோணமலை இல்லை. யுத்தம் காரணமாக வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டு ஏழு மாகாணங்களில் எடுத்த கணக்கு அது. 2018-19இல் நடந்த பிந்திய ஆய்வில் நாட்டின் வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருந்தது.

கலத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் வாசல்

கொழுப்பு என்றால் வெறும் நெய்க்கட்டி என்று எண்ணுவது வழக்கம். உண்மையில் அது உயிருள்ள கலங்களின் கூட்டம். ஒவ்வொரு கலமும் ஒரு எண்ணெய்த் துளி. அந்தத் துளியைச் சுற்றி மெல்லிய ஓரமாகக் கலத்தின் மற்ற உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். 1964இல் மார்ட்டின் ரொட்பெல் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் எலியின் கொழுப்பை ஒரு நொதியத்தில் ஊறவைத்துக் கலங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்தார். எண்ணெய் நிறைந்தவை என்பதால் அவை குழம்பின் மேல் மிதக்கும் தாளிதம் போல மேலே வந்து நின்றன. அந்த மிதக்கும் கலங்களை வைத்துத்தான் அதன் பிறகு இன்சுலின் வேலைசெய்யும் விதம் படிப்படியாக வெளிவந்தது.

குளுக்கோஸ் கலமென்சவ்வைத் தானாகக் கடக்காது. அதற்கு ஒரு புரத வாசல் வேண்டும். 1980இல் சாமுவேல் குஷ்மனும் லோறன்ஸ் வார்ட்சலாவும் ஒரு பக்கம், டெனசி மாநிலத்தின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கசுவோ சுசுக்கியும் டெட்சுரோ கோனோவும் இன்னொரு பக்கம், எலியின் கொழுப்புக் கலங்களில் ஒரே முடிவுக்கு வந்தார்கள். இன்சுலின் வந்ததும் கலம் புதிய வாசல்களைச் செய்வதில்லை. ஏற்கெனவே செய்து கலத்தின் உட்புறத்தில் சிறு புடகங்களில் அடைத்து வைத்திருக்கும் வாசல்களை ஓரத்துக்கு அனுப்பிப் பொருத்துகிறது. இன்சுலின் குறைந்ததும் அவை மறுபடி உள்ளே இழுக்கப்படுகின்றன. சந்தைக் கடைக்காரர் காலையில் பலகையை வெளியே வைத்து இரவில் உள்ளே எடுப்பது போல. பின்னர் 1988-89இல் அந்த வாசல் புரதம் தனியாக அடையாளம் காணப்பட்டு குளுட்-4 என்று பெயர் பெற்றது. தசைக்கும் கொழுப்புக்கும் பொதுவான வாசல் இது.

நீரிழிவு உள்ளவரிலும் தொந்தி பெருத்தவரிலும் இரண்டு இடத்தில் பிழை நேர்கிறது. வாசலை வெளியே அனுப்பும் இன்சுலினின் கட்டளை சரியாகக் கேட்பதில்லை. கொழுப்புக் கலத்தில் இருக்கும் வாசல்களின் எண்ணிக்கையும் குறைந்துபோகிறது.

சிறிய பங்கு, பெரிய வேலை

சாப்பாட்டுக்குப் பிறகு கொழுப்பு எடுக்கும் குளுக்கோஸ் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இன்சுலின் உச்சத்தில் இருக்கையில் பெரும்பங்கை இழுப்பது தசை. அப்படியிருக்க, கொழுப்பின் வாசலைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

அமெரிக்காவின் பொஸ்டனில் பாபரா கானின் ஆய்வுக்குழு 2001இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தந்தது. சுண்டெலிகளின் கொழுப்பில் மட்டும் குளுட்-4 இல்லாதபடி செய்தார்கள். தசையில் வாசல்கள் அப்படியே இருந்தன. எலிகள் பருக்கவும் இல்லை. ஆனாலும் அவற்றின் தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் போயின. அதே தசையை எலியின் உடலிலிருந்து வெட்டியெடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தபோது அது ஒழுங்காக வேலைசெய்தது. அப்படியென்றால் குழப்பம் தசையில் இல்லை. இரத்தத்தின் வழியாகக் கொழுப்பிலிருந்து ஏதோ ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. தன் வாசலில் சீனி வருகிறதா இல்லையா என்பதைக் கொழுப்பு கவனித்து மற்ற உறுப்புகளுக்கு அறிவிக்கிறது என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது.

இங்கே கிளினிக்கில் அடிக்கடி எழும் ஒரு சந்தேகம்: "கொழுப்புக்குள்ள சீனி கூடப் போனா வண்டி இன்னும் பெருக்காதோ, மிஸ்?" பெருக்காது. கொழுப்பின் அளவைத் தீர்மானிப்பது நாள் முழுவதும் வாய்க்குள் போனதற்கும் உடல் செலவழித்ததற்கும் உள்ள வித்தியாசம். கலத்துக்குள் போகும் குளுக்கோஸின் ஒரு பகுதி கிளிசரோல் தண்டாக மாறி, அங்குமிங்கும் கசியும் கொழுப்பமிலங்களைப் பிடித்துக் கட்டிவைக்க உதவுகிறது. கட்டிவைக்கப்படாத கொழுப்பமிலங்கள்தான் ஈரலிலும் தசையிலும் போய்ப் படிந்து அங்கே இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. கொழுப்பு கொழுப்பிருக்க வேண்டிய இடத்தில் இருப்பது உடலுக்கு நல்லது.

நடக்கும் நேரத்தில் ஒன்று, நாலு கிழமையில் இன்னொன்று

தசை சுருங்கத் தொடங்கியவுடனேயே அதன் குளுட்-4 வாசல்கள் வெளியே வருகின்றன. இதற்கு இன்சுலின் தேவையில்லை. இன்சுலின் தட்டும் கதவு அடைபட்டவரிலும் இந்தப் பின்கதவு திறந்திருக்கிறது. சீனி கூடியவர் சாப்பிட்டபின் நடந்தால் அளவு இறங்குவதற்குக் காரணம் இதுவே. நடை முடிந்த பிறகும் அந்தத் தசை ஒரு நாள், இரண்டு நாள் வரை இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கும்.

கொழுப்பு அப்படி அல்ல. நடக்கும் வேளையில் கொழுப்புக் கலம் கொடுக்கும் பக்கத்தில் நிற்கிறது. இன்சுலின் குறைந்து அதிரினலின் கூடுவதால் தன் கையிருப்பை உடைத்துக் கொழுப்பமிலங்களைத் தசைக்கு அனுப்புகிறது. அந்த அரை மணித்தியாலத்தில் கொழுப்பின் வாசல் அகலத் திறக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கொழுப்பில் வரும் மாற்றம் மெதுவானது, நாட்களில் சேர்வது.

டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் வயிற்றுத் தோலுக்குக் கீழே மயிரளவு நுண்குழாயைச் செலுத்தி, கொழுப்பு எவ்வளவு குளுக்கோஸை எடுக்கிறது என்று நேரடியாக அளந்தார்கள். பயிற்சி செய்பவர்களின் கொழுப்பு இன்சுலின் வந்தபோது கூடுதல் குளுக்கோஸை எடுத்தது. 2011இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு நாலு கிழமை பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் ஊசியால் கொழுப்புத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பில் குளுட்-4 புரதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. தசையில் கூடியதைவிட அது அதிகம்.

இந்த இரண்டு வேகங்களும் நடப்பவருக்கு இரண்டு பாடங்கள். இன்றைய சாப்பாட்டுச் சீனியை இறக்க இன்றைய நடை போதும், ஏனென்றால் அது தசையின் வேலை. கொழுப்பின் வாசல்களைக் கூட்ட நாலு கிழமையாவது விடாத நடை வேண்டும். கிடைத்ததைக் கைவிட்டால் அது தங்காது. ஒரு கிழமை காய்ச்சலில் படுத்தவருக்கு எழுந்தபின் சீனி ஏறியிருப்பதற்குக் காய்ச்சல் பாதிக் காரணம் என்றால், நடை நின்றதும் இன்னொரு காரணம்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கே தீர்த்துவிடலாம். படுத்தெழும்பும் வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்காது. வயிற்றுத்தசை எரிபொருளை முழு உடலின் இரத்தத்திலிருந்து எடுக்கிறது, தனக்கு மேலே இருக்கும் கொழுப்பிலிருந்து அல்ல.

மெலிந்தவர் என்று நம்பியவர்கள்

"எனக்கென்ன, நான் மெலிஞ்ச ஆள்" என்பது தெற்காசியர்களுக்கு ஆபத்தான வாக்கியம். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. பூனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் சுட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. பார்வைக்கும் ஒரே வாட்டம். உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். யுட்கின் மரதன் ஓடுபவர். யாக்னிக்கின் உடற்பயிற்சியோ, மூடப்போகும் லிப்டைப் பிடிக்க ஓடுவது என்று கட்டுரையிலேயே வேடிக்கையாகச் சொல்லியிருந்தார்கள்.

தெற்காசிய உடலில் அதே நிறைக்குத் தசை குறைவு, கொழுப்பு கூட. அதனால் உலக சுகாதார நிறுவனம் ஆசியர்களுக்குச் சுட்டெண் 23இலேயே எச்சரிக்கை மணி அடிக்கிறது. இடுப்பளவில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80.

நடையால் எவ்வளவு ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரனின் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை நாலு குழுவாகப் பிரித்தார்கள். சாதாரண அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்று ஆண்டில் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்குள் விழுந்தார்கள். நாளுக்கு அரை மணித்தியாலமாவது விறுவிறுவென நடந்து, சாப்பாட்டையும் திருத்திக்கொண்ட குழுவில் அது 39.3 சதவீதம். மெட்போமின் குளிசை மட்டும் எடுத்த குழுவில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்த குழுவில் 39.5. குளிசையைச் சேர்த்ததால் பெரிதாக எதுவும் கூடவில்லை.

ஏற்றமா, இறக்கமா

ஓர்ஸ் ஹில்வாசிகளுக்கென்றே செய்ததுபோல ஒரு பரிசோதனை ஆஸ்திரியாவின் மலைப்பகுதியில் நடந்திருக்கிறது. மருத்துவர் ஹைன்ஸ் டிரெக்செல் உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 45 பேரை இரண்டு மாதம் மலையேற மட்டும் விட்டார். இறங்கக் கம்பிவண்டி. அடுத்த இரண்டு மாதம் கம்பிவண்டியில் ஏற்றி, இறங்கி நடக்க மட்டும் விட்டார். 540 மீற்றர் உயர வித்தியாசம், கிழமைக்கு மூன்று முதல் ஐந்து தடவை. ஏறியவர்களுக்கு இரத்தத்தில் டிரைகிளிசரைட் கொழுப்பு நன்றாகத் தீர்ந்தது. இறங்கியவர்களுக்கு, யாரும் எதிர்பாராத விதமாக, குளுக்கோஸைக் கையாளும் திறன் கூடியது. கெட்ட கொலஸ்ரோல் இரண்டிலும் குறைந்தது.

ஓர்ஸ் ஹில் ஆஸ்திரிய மலை அல்ல. அது ஒரு மேடுதான். ஆனாலும் வழி அதே வழி. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது, மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, மூச்சு வாங்காமலே வேலை செய்கிறது. இதயம் பலவீனமானவரும் மூச்சிளைப்பு உள்ளவரும் ஏற்றத்தை ஆட்டோவில் கடந்து, இறக்கத்தை நடந்து முடிக்கலாம். முழங்கால் தேய்ந்தவருக்கு நேர்மாறு: ஏறி நடப்பது சுகம், இறக்கம் நோவும். புதிதாக இறங்கி நடப்பவருக்கு முதல் சில நாள் தொடை உளையும். அது தசை பழகும்வரைதான். முதல் கிழமை பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு கிழமையின் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம், மிதமான வேகம். கதைக்க முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம். ஓர்ஸ் ஹில்லில் இருப்பவருக்கு அதை இப்படிப் பிரிக்கலாம்:

- திங்கள், புதன், வெள்ளி: காலை ஆறு மணிக்கு மேட்டிலிருந்து உட்துறைமுக வீதிவரை இறங்கி, கரையோரமாக நடந்து, திரும்ப ஏறுதல். 30 நிமிடம்.
- செவ்வாய், வியாழன்: ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு 15 நிமிடம். வெளியே போக வசதியில்லை என்றால் முற்றத்திலேயே.
- சனி: தசைக்கான வேலை. கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருத்தல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், அரைவாளித் தண்ணீரைத் தூக்கி நடத்தல். ஒவ்வொன்றும் மூன்று சுற்று. முடிந்தால் செவ்வாயிலும் ஒரு தடவை.
- ஞாயிறு: பிரடெரிக் கோட்டைக்குள் புகுந்து கோணேசர் கோவில்வரை ஏற்றம். மான்கள் குறுக்கே வந்தால் நின்று பார்க்கலாம், பழம் கொடுக்க வேண்டியதில்லை. அல்லது டச்பே கடற்கரை மணலில் மாலை நடை.

சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. வாஷிங்டனில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் 2013இல் செய்த சிறு ஆய்வில், மூன்று வேளையும் சாப்பிட்டபின் நடந்த 15 நிமிடம், ஒரே மூச்சில் நடந்த 45 நிமிடத்துக்கு ஈடாக நாள் முழுவதும் சீனியைக் கட்டுப்படுத்தியது. இராச்சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனியை அடக்குவதில் அதுவே முந்தியது. இரவு எட்டரைக்குப் பிட்டும் சொதியும் சாப்பிட்டு, நேரே தொலைக்காட்சிக்கு முன்னால் சாய்பவர் கவனிக்க வேண்டிய முடிவு இது.

அட்டவணையில் எதைத் தவறவிட்டாலும், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடை இல்லாமல் விடக்கூடாது. தசையின் கூடுதல் உணர்வு அதற்குள் வடிந்துவிடும்.

காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும் நாட்களில் பத்து மணி வெயிலில் நடப்பது வீண் துன்பம். காலை ஏழுக்கு முன் முடித்துவிட வேண்டும். மாரியில் வீதி வழுக்கும், சில நாள் வெளியே கால்வைக்கவே முடியாது. அந்த நாட்களுக்கென்று வீட்டுக்குள்ளேயே ஒரு மாற்று ஒழுங்கு முன்கூட்டியே இருக்க வேண்டும்: வாசல்படியில் ஏறி இறங்குதல், விறாந்தையில் நடை, கதிரைப் பயிற்சி. ஐப்பசியில் நின்றுபோன நடை தைப்பொங்கலுக்குப் பிறகுதான் திரும்புகிறது என்றால் மூன்று மாதச் சேமிப்பு போய்விடும்.

கவனிக்க வேண்டியவை

இன்சுலின் ஊசி போடுபவரும் கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவரும் நடைக்கு முன் சீனியை அளக்க வேண்டும். 90க்குக் கீழே இருந்தால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே புறப்பட வேண்டும். நடக்கையில் கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல் வந்தால் சீனி இறங்குகிறது என்று பொருள். உடனே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு குளுக்கோஸ் பக்கற் இருப்பது இதற்காகவே. மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

தொடையில் ஊசி போட்ட கையோடு நடந்தால் இன்சுலின் வேகமாக இரத்தத்தில் சேரும். நடை நாளில் வயிற்றில் போடுவது பாதுகாப்பு. சீனி 250க்கு மேல் இருந்து, வாந்தியோ களைப்போ இருந்தால் அன்று நடை வேண்டாம், வைத்தியசாலைதான்.

வெறுங்காலோடு கோவிலைச் சுற்றி நடப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். காலில் உணர்ச்சி மங்கியவருக்குச் சுடுகல்லும் முள்ளும் தெரியாது. வெயில் ஏறுமுன் சுற்றி முடித்து, வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். மற்ற நடைகளுக்குக் குதிமூடிய சப்பாத்து. நெஞ்சில் இறுக்கம், இடக்கையில் இழுப்பு வந்தால் நடையை அங்கேயே நிறுத்தி உதவி கேட்க வேண்டும்.

அளந்து வைப்பது

கொழுப்பின் வாசல் கூடியதா என்று வீட்டில் அளக்க வழியில்லை. ஆனால் அதன் நிழலை அளக்கலாம். தையல் நாடாவை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் சுற்றி அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு அளந்தால் ஏமாறுவது அளப்பவரேதான். நிறை குறையாமலே இடுப்பு இரண்டு சென்ரிமீற்றர் குறைவது உண்டு. அது நல்ல அறிகுறி, ஏனென்றால் தசை கூடிக் கொழுப்பு குறையும்போது தராசு அசையாமல் இருக்கலாம்.

வெறுவயிற்றுச் சீனி நேற்றைய நாளைச் சொல்லும். எச்பிஏ1சி சோதனை கடந்த மூன்று மாதத்தைச் சொல்லும், ஏனென்றால் செங்குருதிக் கலம் ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆகையால் நடையைத் தொடங்கிய கிழமையில் ஒரு தடவை, 12 கிழமை கழித்து இன்னொரு தடவை அதைச் செய்வது பொருத்தம். அரச வைத்தியசாலைகளோடு இணைந்த ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் நிறை, இடுப்பு, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே போகும்போது கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் தாதியிடம் காட்டலாம். அதில் நாலு நிரல் போதும்: திகதி, நடந்த நிமிடம், இடுப்பளவு, இராச்சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிந்திய சீனி. நிமிட நிரலில் வெறுமையாகக் கிடக்கும் நாட்களையும் சீனி ஏறிய நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த மாதம் எந்தக் கிழமையைத் திருத்த வேண்டும் என்பது அந்தப் பக்கத்திலேயே தெரியும்.